இடப்பக்கம் சாய்ந்த விமானம்

விடுமுறைக்கு வந்திருந்த சித்தப்பா, சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து ஜாய்ஸ்டிக்கை முன்னறை மேசைமேல் வைத்தார். தடித்த அடிக்கட்டையில் நட்டுவைத்ததுபோல ஒரு கறுப்புக் கைப்பிடி. விரல்கள் பொருந்தி உட்கார அதில் பள்ளங்கள் இருந்தன. காப்பியோடு வந்த அம்மா டம்ளரை நீட்டாமல் நின்றாள்.

"இதத்தான் கேட்டானா அவன்?"

"ஆமா மதினி. போன்ல அவனேதான் கேட்டான். கம்ப்யூட்டர்ல வெளாட்டு மாதிரி ஓட்டுறது. வேற ஒண்ணுமில்ல."

"வெளாட்டு," என்றாள் அம்மா. டம்ளரை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அண்ணன் உள்ளறையிலிருந்து வந்தான். இடது கணுக்காலில் தகடு வைத்திருந்ததால் அந்தப் பாதம் மடங்காது. முழுக்காலையும் தூக்கி வைத்துத்தான் நடப்பான். கைப்பிடியைப் பிடித்தான். முன்னால் தள்ளினான், பின்னால் இழுத்தான், பிறகு பாட்டில் மூடியைத் திருகுவதுபோல இடமும் வலமும் திருகினான்.

"ரடர் இருக்கு," என்றான்.

அவன் அன்று பேசிய முதல் வார்த்தை அதுதான். அந்த நாட்களில் அவன் ஒரு நாளைக்குப் பேசுவதே அவ்வளவுதான் இருக்கும்.

எங்கள் வீடு ராஜபாளையத்தில். அப்பா பஞ்சாலையில் மேற்பார்வையாளர். நான் அப்போது பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் பின்பாதி. தெருவுக்கு ஒரு சென்டர் முளைத்துக்கொண்டிருந்த காலம். அண்ணனுக்குச் சின்னப் பிள்ளையிலிருந்தே விமானப் பைத்தியம். தேவதானம் கிராமத்தில் இருந்த வயலை விற்றுத்தான் அப்பா அவனை வெளிமாநிலத்தில் ஒரு பறக்கும் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பினார். அங்கே அவனுக்கு முன்பே போய்ச் சேர்ந்து, பைலட்டாகி, துணைப் பயிற்றுநராகவும் ஆகியிருந்தவர் ஒரு ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். கல்லூரியில் என்.சி.சி. முகாமில் இரண்டு பேருக்கும் பழக்கம். நாங்கள் அவரை வில்லிபுத்தூர் அண்ணன் என்றுதான் சொல்வோம். விடுமுறைக்கு வந்தால் எங்கள் வீட்டில் ஒரு வேளையாவது சாப்பிடாமல் போகமாட்டார். சாப்பிட்டுக்கொண்டே இரண்டு உள்ளங்கைகளையும் விமானமாக்கித் தட்டுக்கு மேலே ஓட்டிக் காட்டுவார். சோற்றுப் பருக்கை பறக்கும். அம்மா சிரிப்பாள்.

அவர்கள் இரண்டு பேரும் ஏறிய ஒரு சின்னப் பயிற்சி விமானம், கிளம்பிய சற்று நேரத்தில் இன்ஜின் நின்று, வயலில் விழுந்தது. அண்ணன் கால் நொறுங்கிப் பிழைத்தான். வில்லிபுத்தூர் அண்ணன் பெட்டியில் வந்தார். ஆஸ்பத்திரியில் கிடந்ததால் அண்ணன் அடக்கத்துக்குப் போகவில்லை. ஊருக்கு வந்த பிறகும் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. பேருந்தில் இருபது இருபத்தைந்து நிமிடத்தில் போய்விடும் ஊர். மதுரைக்கு டாக்டரைப் பார்க்கப் போகும்போதுகூட அந்த ஊரைத் தாண்டும் வரை கண்ணை மூடிக்கொண்டிருப்பான். கோபுரம் பின்னால் போய்விட்டதா என்று என்னிடம் கேட்டுவிட்டுத் திறப்பான்.

சென்டரில் கழித்துக்கட்டிய ஒரு கம்ப்யூட்டரை நான் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். அதில் சவுண்ட் கார்டு இருந்தது. ஜாய்ஸ்டிக்கின் வயரைச் செருக வேண்டிய இடம் அந்தக் கார்டின் பின்பக்கம். இரண்டு வரிசையாகப் பொடிக் குழிகள். பெட்டியை இழுத்துத் திருப்பி, டார்ச் அடித்து, ஊசிகள் வளையாமல் செருகி, இருபக்கமும் திருகு முடுக்கினேன். பிறகு கம்ப்யூட்டருக்கு அதை அறிமுகம் செய்துவைக்க வேண்டும். கைப்பிடிக்கு நடு எது, கோடி எது என்று அதற்குத் தானாகத் தெரியாது. கேலிப்ரேஷன் என்று சொல்வோம். குச்சியை நடுவில் விட்டுப் பொத்தானை அழுத்து என்று திரையில் வரும். அப்புறம் வட்டமாகச் சுற்று என்று வரும். கடைசியில் ரடரை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்பச் சொல்லும்.

"தள்ளுட்டி. நான் பண்ணுதேன்," என்றான் அண்ணன்.

உட்கார்ந்து பிடித்தான். பிடித்த பிடியில் அவன் விரல்மூட்டுகள் வெளுத்துப்போயின. நான் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கையைக் கவனிக்கவில்லை.

ரடர் என்பது விமானத்தின் வாலில் நிற்கும் பலகை. மூக்கை இடமும் வலமும் திருப்புவது அதுதான். நிஜ விமானத்தில் அதை அசைக்க ஓட்டுபவர் காலடியில் இரண்டு மிதிகட்டைகள். இடது காலால் மிதித்தால் மூக்கு இடது பக்கம் போகும். இங்கே கால் செய்கிற வேலையைக் கைப்பிடியின் திருகலே செய்துவிடும். அண்ணன் இதைக் கேட்டு வாங்கியதற்குக் காரணம் அவன் கால் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

விமானம் ஏதோ ஒரு அமெரிக்க ஊரின் ஓடுதளத்திலிருந்து கிளம்பியது. சின்ன ஸ்பீக்கரில் இன்ஜின் தேனீக்கூடுபோல இரைந்தது. தரை கீழே இறங்கியது. அவன் முகத்தைப் பார்த்தேன். வேர்த்திருந்தது. ஆனாலும் கை பதறவில்லை. நல்ல உயரம் போன பிறகு விமானத்தைச் சமமாக நிறுத்திவிட்டுக் கையை எடுத்தான்.

மூக்கு மெதுவாக இடது பக்கம் நகர்ந்தது. பிறகு இடது இறக்கை தாழ்ந்தது.

மேசைமேல் கைப்பிடி நேராக நின்றது. யாரும் தொடவில்லை. திரையில் அடிவானம் சாய்ந்துகொண்டே போனது.

"என்னண்ணே, ஒரு பக்கமா இழுக்குது?"

அவன் கைப்பிடியைப் பிடித்து நேராக்கினான். மறுபடி கையை எடுத்தான். மறுபடி இடது பக்கம். தன் வலது பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தான். அங்கே எங்கள் வீட்டு இரும்பு பீரோதான் நின்றது.

அன்றிலிருந்து அவன் தினமும் ஓட்டினான். நான் சென்டரிலிருந்து திரும்பும்போது தெருமுனையிலேயே இரைச்சல் கேட்கும். உள்ளே போனால் அதே காட்சிதான். ஓடுதளம், கிளம்புதல், கொஞ்ச உயரத்தில் இன்ஜினை நிறுத்துதல், இரைச்சல் அற்றுப்போதல், பிறகு கையை எடுத்துவிட்டு உட்கார்ந்திருத்தல். விமானம் இடது பக்கம் சுழன்று தரையில் மோதும். திரை ஒரு நொடி அப்படியே உறைந்து நிற்கும். அவன் முதலிலிருந்து தொடங்குவான்.

அம்மாவால் தாங்கமுடியவில்லை. "செத்தவன வீட்டுக்குள்ள கூட்டியாந்து ஒக்கார வச்சிருக்கீக அண்ணனும் தங்கச்சியும்," என்றாள் என்னிடம். "எனக்கு அடுக்களைல நிக்க முடியல. அந்தச் சத்தம் நிக்கும் பாரு, அப்பத்தான் ஈரக்கொலையப் புடிச்சு இழுக்கு." அவனை ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கயிறு கட்டிக்கொண்டு வந்தாள். கயிறு கட்டிய கையாலேயே அவன் ஓட்டினான்.

ஒருநாள் மாலை அவன் ஓட்டிக்கொண்டிருக்கும்போது கரண்டு போனது. திரை இருண்டது. அவன் கைப்பிடியை விடவில்லை. நான் பக்கத்து ஸ்டூலில் இருந்தேன். தெருவில் யாரோ தெலுங்கில் யாரையோ கூப்பிட்டார்கள். அந்த மங்கல் வெளிச்சத்தில்தான் அவன் சொன்னான்.

"அந்த பிளேன்ல ரெண்டு பேருக்கும் தனித்தனி ஸ்டிக், தனித்தனி பெடல். ஆனா ரெண்டும் கீழ ஒண்ணாச் சேந்தது. அவன் மிதிச்சா என் கால் தானா போகும். நான் மிதிச்சா அவன் கால் போகும். அன்னைக்கு நான்தான் ஓட்டுனேன். இன்ஜின் நின்னதும் அவன், 'விட்று, நான் வச்சிருக்கேன்'ன்னான். அப்பிடிச் சொன்னா நாம உடனே கையையும் காலையும் எடுத்துரணும். அதான் முறை."

"எடுத்தியா?"

"கைய எடுத்தேன். அது நெனப்பு இருக்கு. காலு..." கைப்பிடியை மேலும் இறுக்கினான். "எடது ரக்கை விழுந்துச்சு. யாரோ எடது பெடல அளவுக்கு மேல மிதிச்சாத்தான் அப்பிடி விழும். என் காலு பெடல்ல இருந்துச்சு. அது கீழ போனது தெரியும். அவன் மிதிச்சு என் காலு போச்சா, நான் மிதிச்சு அவன் காலு போச்சா, அது தெரியல. எம்புட்டு யோசிச்சாலும் தெரியல."

கரண்டு வந்தது. கம்ப்யூட்டர் தானாக இயங்க ஆரம்பித்தது. நான் எழுந்து விளக்குகளை எல்லாம் போட்டேன்.

அந்தச் சாய்வுக்குக் காரணம் எனக்குப் பிறகுதான் பிடிபட்டது. சென்டரில் ஒரு மாணவருக்கு மவுஸைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது சட்டென்று தோன்றியது. குச்சியை நடுவில் விட்டுப் பொத்தானை அழுத்தச் சொன்ன நேரத்தில் அண்ணன் அதை வலது பக்கம் கொஞ்சம் திருகிப் பிடித்திருக்கிறான். கம்ப்யூட்டர் அந்தத் திருகலையே நடு என்று எடுத்துக்கொண்டது. கையை எடுத்ததும் கைப்பிடி அதன் உண்மையான நடுவுக்கு வருகிறது. கம்ப்யூட்டருக்கு அது இடது பக்கமாகத் தெரிகிறது. அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து அவனிடம் சொன்னேன்.

"வலது பக்கமாப் புடிச்சிருந்தேனா?" அவன் கண் விரிந்தது. "அப்ப என் காலு வலதுலதான் இருக்கும். நான் எதுத்துத்தான் மிதிச்சிருப்பேன். அப்பிடித்தானட்டி?"

மறுநாள் காலை அவனே வந்து சொன்னான், அது ஒன்றுக்கும் அத்தாட்சி ஆகாது என்று. கிளம்பும்போது அந்த மாதிரி விமானம் தானாகவே இடது பக்கம் போகப் பார்க்கும், வலது காலால் பிடித்துக்கொண்டே இருக்கச் சொல்லித்தான் முதல் நாளிலிருந்து பழக்குவார்களாம். அந்தப் பழக்கம் கையில் வந்திருக்கும்.

"ஒரு நிமிசத்துல சரி பண்ணிரலாம்," என்றேன்.

"வேண்டாம். இருக்கட்டும்."

"எதுக்கு?"

"இருக்கட்டும்ங்கேன்ல."

வில்லிபுத்தூர் அண்ணனின் அம்மா பள்ளிக்கூட டீச்சர். அவர் கணவர் முன்பே இறந்துவிட்டார். ஒரு மகள் கல்யாணமாகித் தூத்துக்குடியில் இருந்தாள். டீச்சரை அப்பா ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்தில் தற்செயலாகச் சந்தித்திருக்கிறார். அவர் அண்ணனைப் பற்றி விசாரிக்க, அப்பாவுக்குப் பொய் சொல்ல வரவில்லை. வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுகிறான் என்று சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை டீச்சர் எங்கள் வாசலில் நின்றார். வெள்ளைச் சேலை, கைப்பையில் வேதாகமம். சர்ச்சில் ஆராதனை முடிந்து நேராகப் பேருந்தேறி வந்திருந்தார்.

அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். டீச்சர் அழவில்லை. "தம்பி எங்க?" என்றார்.

அண்ணன் சுவரோரம் நின்றுகொண்டிருந்தான். அவன் நின்ற நிலையைப் பார்த்து, ஓடிவிடுவானோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

"நீ வருவ வருவன்னு பாத்தேன்," என்றார் டீச்சர். "கால் சரியாகட்டும்னு நெனச்சேன். பொறவு நானே வந்துட்டேன். அது எங்க இருக்கு? அந்த பிளேன் ஓட்டுறது?"

அவன் மேசையைக் காட்டினான்.

"அவன் எந்தப் பக்கம் உக்காருவான்?"

"வலது பக்கம், டீச்சர்."

டீச்சர் நாற்காலியை இழுத்து வலது பக்கம் போட்டு உட்கார்ந்தார். கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். அண்ணன் இடது பக்கம் உட்கார்ந்தான். ஜாய்ஸ்டிக் நடுவில் இருந்தது. அம்மா அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவன் கிளம்பிக் காட்டினான். டீச்சர் எல்லாவற்றையும் கேட்டார். அந்த முள் என்ன, இந்த எண் என்ன, இறக்கை எதனால் சாய்கிறது, நிஜ விமானத்தில் கால் என்ன செய்யும். பிறகு, "நான் புடிக்கட்டா?" என்றார்.

அவர் கை பட்டதும் விமானம் குட்டிக்கரணம் போட்டது. "ஐயோ ஆண்டவரே!" என்று கையை எடுத்துவிட்டார். அண்ணன் சிரித்தான். அந்தச் சிரிப்பை நாங்கள் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

"மெதுவா, டீச்சர். ரெண்டு வெரல் போதும். கோழிக்குஞ்ச புடிக்கிற மாதிரி."

"இது அவன் சொன்னதா?"

"ஆமா. எனக்கு அவன் சொன்னது."

டீச்சர் மறுபடி பிடித்தார். இந்த முறை விமானம் கொஞ்ச நேரம் நேராகப் போனது. பிறகு மூக்கு நகர்ந்தது.

"ஏன் இந்தப் பக்கமே போகுது?"

நான் வாயைத் திறந்தேன். அண்ணன் என்னைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டேன். டீச்சர் எங்கள் இருவரையும் பார்த்தார். அவர் கண் திரைக்குத் திரும்பியது. கைப்பிடியை வலது பக்கம் லேசாகத் திருகி விமானத்தை நேராக்கினார். அதற்கப்புறம் அவர் கேட்கவேயில்லை. ஆனால் போவதற்கு முன்னால் கையை எடுத்துவிட்டு, விமானம் தானாகச் சாய்வதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பின் ஞாயிறுதோறும் வந்தார். மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். பிறகு இரண்டு பேரும் உட்காருவார்கள். ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஓடுதளத்துக்கு மேலே வேகம் குறைத்து, மூக்கைத் தூக்கி, சக்கரம் தொடும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். தரை தொட்டதும், "ஸ்தோத்திரம்," என்பார். அண்ணன் தவறுகளைச் சொல்வான். ஒருமுறை சொன்னதை மறுமுறை சொல்ல வேண்டியிருக்காது. அம்மாவும் மெல்ல அடுக்களைக் கதவைத் திறந்துவைக்க ஆரம்பித்தாள்.

வீடு கலகலப்பானதாகச் சொல்லமுடியாது. அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மூன்றாவதாக ஒருவர் இருந்தார். வந்த நாளிலேயே டீச்சர் ஒரு டம்ளர் தண்ணீரை மேசையில் வைத்தார், யாரும் குடிக்கவில்லை. அடுத்த வாரமும் வைத்தார். அம்மா அதை எடுக்கப் போனபோது, "இருக்கட்டும், அவன் தண்ணி தண்ணின்னு கேட்டுக்கிட்டே இருப்பான்," என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. டம்ளரை எடுத்துத் தானே குடித்துவிட்டார்.

மழைக்காலம் தொடங்கிய சமயத்தில் ஒரு ஞாயிறு. மேற்கே மலை தெரியவில்லை. டீச்சர் உட்கார்ந்ததும் சொன்னார்: "இன்னைக்கு, அன்னைக்கு நடந்தத வை."

"டீச்சர்..."

"ஏலே, நான் ஓட்டக் கத்துக்கிட்டதே அதுக்குத்தான். வை."

அண்ணன் வைத்தான். சுற்றிலும் சமவெளியாக இருக்கும் ஒரு ஓடுதளத்தைத் தேர்ந்தெடுத்தான். டீச்சர் கிளம்பினார். அந்த உயரம் வந்ததும் அவன் கீபோர்டில் ஒரு விசையைத் தட்டினான். இரைச்சல் நின்றது. அறை அப்படியே செவிடாகிப் போனதுபோல் இருந்தது. அடுக்களையில் அம்மா பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

டீச்சர் பதறவில்லை. மூக்கைத் தாழ்த்தினார். கைப்பிடியை வலது பக்கம் திருகிப் பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கமும் திரும்பாமல், நேரே முன்னாலிருந்த பச்சைச் சமவெளியில் கொண்டுபோய் இறக்கினார். விமானம் குலுங்கி நின்றது. உடையவில்லை.

"அம்புட்டுத்தான?" என்றார். "நேராப் போயிருந்தா எறங்கியிருக்கலாம். திரும்பித்தான் விழுந்துச்சுன்னு விசாரணைல சொன்னாக. எதுக்குத் திரும்புனீக?"

அண்ணன் கீபோர்டிலிருந்து கையை எடுத்தான்.

"நேராத்தான் போகணும்னு நீதான் எனக்குச் சொல்லிக்கொடுத்த. ஒனக்கு அவன் சொல்லிக்கொடுத்தான். அவனுக்குத் தெரியாதா? பொறவு எதுக்குத் திரும்புனான்? முன்னாடி என்ன இருந்துச்சு?"

"முன்னாடி..." என்றான் அண்ணன். திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவன் குரல் மாறிவிட்டது. தூக்கத்தில் பேசுகிறவன் குரல்.

"கரும்புக் காடு. பாதி வெட்டியிருந்தாக. வெட்டுன எடத்துல... ஆளுக. தலைல துணி கட்டியிருந்தாக, வெள்ளையா. பொம்பளையளும் இருந்தாக. நிமிந்து பாத்தாக. ஓடல. சத்தம் இல்லாம வாரோம்ல, ஏன் ஓடணும்னு அவங்களுக்குத் தெரியல. அப்பத்தான் அவன், 'விட்று, நான் வச்சிருக்கேன்'ன்னான்."

டீச்சரின் கை இன்னும் கைப்பிடிமேல் இருந்தது.

"அப்ப அவன்தான் திருப்புனான்."

"ஆமா டீச்சர்."

"தெரிஞ்சு திருப்புனான்."

"ஆமா."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். அப்போதுதான் அவர் அழுதார். எங்கள் வீட்டில் அவர் அழுதது அந்த ஒருமுறைதான். அம்மா வந்து அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் எழுந்து வாசலுக்குப் போய் மழையில் நின்றான்.

அவன் அந்தக் கரும்புக்காட்டைப் பற்றி அதற்கு முன்பு ஒரு வார்த்தை சொன்னதில்லை. என்னிடம் கரண்டு போன அந்த மாலையில் சொல்லவில்லை. விசாரணைக்கு வந்தவர்களிடமும் சொல்லவில்லை. உண்மையிலேயே மறந்து கிடந்து அன்றைக்கு மேலே வந்ததா, அல்லது பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட ஒரு தாய்க்காக அவன் மனம் அந்த இடத்திலேயே நெய்து கொடுத்ததா, எனக்குத் தெரியவில்லை. அவனிடம் கேட்டேன். "எனக்கும் அந்தச் சந்தேகம் இருக்கு," என்றான். "ஆனா அந்தப் பொம்பளைல ஒருத்தி மூஞ்சி நல்லாத் தெரியுதுட்டி. கண்ண மூடுனா தெரியுது."

மறுநாள் அவனே கேட்டான்: "அதச் சரி பண்ணிரு."

பண்ணினேன். இந்த முறை கைப்பிடியை யாரும் தொடவில்லை. அது தன் நடுவில் நிற்கும்போது பொத்தானை அழுத்தினேன். சுற்றினேன், ரடரை இரண்டு கோடிக்கும் திருப்பினேன். அண்ணன் விமானத்தை மேலே கொண்டுபோய்க் கையை எடுத்தான். நேராகப் போனது. நேராகவே போய்க்கொண்டிருந்தது. அவன் காத்திருந்தான். ஏரி கடந்தது, ஊர் கடந்தது, திரையில் இருட்டத் தொடங்கியது. எதுவும் நகரவில்லை. அவன் எழுந்து படுக்கப் போய்விட்டான். எனக்கு அந்த நேரான விமானத்தைப் பார்க்க, முன்பு சாய்ந்ததைப் பார்த்தபோது வந்ததைவிட அதிகமாகப் பயம் வந்தது. மானிட்டரை அணைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வந்து கைப்பிடியைப் பிடித்தார். உடனே தெரிந்துகொண்டார். பழக்கத்தில் வலது பக்கம் திருகிய கைக்கு விமானம் வலது பக்கம் ஓடியது.

"என்ன பண்ணுனீக?"

நான் சொன்னேன். நடு எப்படித் தவறியது, எப்படிச் சரியானது, எல்லாவற்றையும். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"எனக்குத் தெரியும்மா, மிசின் கோளாறாத்தான் இருக்கும்னு," என்றார். "அவன் காலு அதுல இருக்குன்னு நெனச்சுக்கிட்டேன். வாரத்துக்கு ஒரு நாளு. அம்புட்டுத்தான்."

பழையபடி மாற்றிவிடவா என்று அண்ணன் கேட்டான். வேண்டாம் என்று தலையாட்டினார். அன்று அவர் ஓட்டவில்லை. சாப்பிட்டார், அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தார், நாலு மணி பேருந்துக்குப் போனார். பிறகும் வந்தார். ஆனால் அந்த நாற்காலியில் உட்காரவில்லை. நாங்கள் அதைத் திரும்பச் சாப்பிடும் இடத்துக்கே கொண்டுபோய்விட்டோம்.

கோடை விடுமுறையில் டீச்சர் அண்ணனைக் கூட்டிக்கொண்டு அந்த ஊருக்கு ரயிலேறினார். அவன் போகமாட்டான் என்றுதான் நினைத்தோம். போனான். பயிற்சிப் பள்ளிக்குள் அவர்கள் போகவில்லை. நேராக அந்த வயலுக்குப் போயிருக்கிறார்கள். திரும்பி வந்து அவன் சொன்னான்.

வயலில் அப்போது கரும்பு இல்லை, சோளம் அறுத்த கட்டைதான் இருந்ததாம். ஒரு வயதான விவசாயியும் அவர் மனைவியும் கிணற்றடியில் நின்றிருக்கிறார்கள். அண்ணன் மேலே கையைக் காட்டி, கீழே விழுந்ததுபோலக் காட்டியதும் அந்த மனிதருக்குப் புரிந்துவிட்டது. பேச ஆரம்பித்தார். அவர்கள் பாஷையில். அண்ணனுக்குத் தெரிந்தது கடைகண்ணியில் பேசும் அளவுக்குத்தான். இவர் பேசியதோ கிராமத்துப் பேச்சு, வேகம் வேறு. வானத்தைக் காட்டினார், வயலின் ஒரு மூலையைக் காட்டினார், மனைவியின் தோளைத் தொட்டுக் காட்டினார், உள்ளங்கையை விரித்து ஒரு பக்கமாகச் சாய்த்தார். அந்த அம்மாள் டீச்சரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாளாம். டீச்சர் ஒவ்வொரு வார்த்தையையும் புரிந்ததுபோலக் கேட்டுக்கொண்டிருந்தாராம்.

"ரோட்டுல ஆள் இருந்திருப்பாகளே. ஒனக்கு இந்தி வருமே, இந்தி தெரிஞ்சவங்க யாரையாவது கூப்ட்டுக் கேட்டிருக்கலாம்ல?" என்றேன்.

"ஒரு டீக்கடை இருந்துச்சு. கூப்ட்டு வாரேன்னேன். டீச்சர் வேண்டாம்னுட்டாக."

"ஒனக்குத் தெரிய வேண்டாமா?"

அண்ணன் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான். ரயில் புகை வாடை அடித்தது.

"அந்தப் பொம்பளைய நான் பாத்தேன்ட்டி," என்றான். "பாத்துக்கிட்டே நின்னேன். அந்த மூஞ்சிதானான்னு என்னால சொல்ல முடியல."

குளிக்கத் தண்ணீர் எடுத்துவைக்கச் சொன்னான். அடுத்த மாதம் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் கம்ப்யூட்டரில் படமும் எழுத்தும் கோத்துப் பக்கம் அமைக்கும் வேலைக்குச் சேர்ந்து, ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகப் போகும் காலைப் பேருந்துக்குப் போய் மாலையில் திரும்ப ஆரம்பித்தான்.